கிட்டாரை விட்டவர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அடிபட்ட உன் இடது கையைப் பற்றி டாக்டர் சொன்னதை அம்மாதான் சொன்னாள். மோதிர விரலும் சுண்டுவிரலும் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். இதைப் போனில் பேச எனக்கு வரவில்லை.

நீ எனக்குக் கேட்கக் கொடுத்த பாட்டுகள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைப் பாடிய மடி வாட்டர்ஸின் பாட்டுகள், நினைவிருக்கிறதா? அவருடைய குழுவில் பியானோ வாசித்த பைன்டாப் பெர்கின்ஸ் என்ற மனிதரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1913-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பெல்சோனி என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவர், பருத்திக்காட்டு மனிதர். ஆரம்பத்தில் அவரும் உன்னைப் போல கிட்டார்க்காரர்தான். 1940-களில் ஆர்கன்சாஸ் மாநிலத்து ஹெலனாவில் ஒரு நடனப்பெண் அவரைக் கத்தியால் குத்திவிட்டாள். குத்து விழுந்தது இடது கையில். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அறுந்துபோனது. உனக்கும் அதே கை, அதே தசைநாண் என்பதால்தான் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கிட்டாரில் தந்தியை அழுத்தும் கை போய்விட்டால் என்ன மிச்சம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பியானோவுக்குப் போனார். முன்பே ஓரளவு தெரிந்த வாத்தியம்தான், ஆனால் அதன்பிறகு அதுவே பிழைப்பு. ஹெலனா வானொலியில் சன்னி பாய் வில்லியம்சன் என்ற ப்ளூஸ் பாடகரின் நிகழ்ச்சியில் வாசித்தார். பின்னாளில் பெயர்பெற்ற இசைக்கலைஞர் ஐக் டர்னருக்குச் சிறுவயதில் பியானோ சொல்லிக்கொடுத்தார். 1953-இல் மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில் 'பைன்டாப்ஸ் பூகி வூகி' பதிவு செய்தார். அது 1928-இல் பைன் டாப் ஸ்மித் என்பவர் பதிவு செய்த பாட்டு. ஜோ வில்லி என்ற சொந்தப் பெயர் மறைந்து அந்தப் பாட்டின் பெயரே இவருக்கு நிலைத்துவிட்டது.

1969-இல் மடி வாட்டர்ஸ் குழுவில் ஓட்டிஸ் ஸ்பான் என்ற பியானோக்காரர் இருந்த இடத்துக்கு இவர் வந்தார். அப்போது வயது 56-ஐ ஒட்டி. 1980 வரை அங்கேதான். 1977-இல் வந்த 'ஹார்ட் அகெய்ன்' ஆல்பத்தை இரவில் ஹெட்போன் போட்டுக் கேள். கிட்டாரையும் பாட்டையும் விட்டுவிட்டு பியானோவை மட்டும் பின்தொடர். மடி பாடும்போது அது அடங்கி நிற்கும். அவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் வலது கை மேலே ஏறி ஒரு சின்ன சங்கதியைப் போட்டுவிட்டு, அடுத்த வரி தொடங்குமுன் விலகிக்கொள்ளும். நல்ல பக்கவாத்தியக்காரர் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை இவரிடம் கற்கலாம். நீ முன்வரிசையில் நின்று வாசித்தவன், இது உனக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம். எனக்கோ இதைவிட அழகான வேலை இசையில் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அமெரிக்காவில் அவர் சொந்தப் பெயரில் முதல் ஆல்பம் வந்தது 1988-இல். கிட்டத்தட்ட 75 வயது!  2004-இல் அவர் ஓட்டிய கார் மீது ரயில் மோதியது. கார் நொறுங்கியது, 91 வயது மனிதர் பெரிய காயமில்லாமல் பிழைத்தார். 2011 பிப்ரவரியில், டிரம்மர் வில்லி 'பிக் ஐஸ்' ஸ்மித்துடன் செய்த 'ஜாயின்ட் அட் த ஹிப்' ஆல்பத்துக்கு அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி கிடைத்தது. 97 வயது. அதுவரை கிராமி வென்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். அடுத்த மாதம் ஆஸ்டின் நகரில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

சரி, கிட்டாரை மூலையில் வை என்று சொல்ல இதை எழுதவில்லை. உன் விரல் மடங்க வேண்டும், அதற்காக உன் அம்மா கும்பிடாத சாமியில்லை. ஆனால் மடங்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவளிடம் சொன்னாயாமே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பியானோவுக்கும் இடது கை வேண்டும்தான். ஆனால் கட்டையை மேலிருந்து தட்டினால் போதும், தந்தியைப் பிடித்து அழுத்த வேண்டியதில்லை. உனக்கு எது முடியும் என்பதைப் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது விரலை மடக்குவதைப் பற்றி மட்டும் கேட்காதே, விரிப்பதைப் பற்றியும் கேள்.

நீ பள்ளியில் வாசித்த கீபோர்டு பரணில் இருந்தது, இறக்கிவிட்டேன். மேல்பக்கம் இரண்டு கட்டை ஒலிக்கவில்லை, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன். உனக்கு வேண்டுமானால் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன், வேண்டாமென்றால் இங்கேயே இருக்கட்டும். எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது சொல். அப்புறம், கையில் கட்டியிருக்கும் பட்டையை டாக்டர் சொல்லாமல் கழற்றாதே.

அன்புடன்,
அப்பா