செயலாளரின் ஆண்டறிக்கை: பெனல்லா வயல்வெளிப் பயணமும் ஒரு தீர்மானமும்

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மெல்பர்னில் இயங்கும் நம் சைக்கிள் குழுவின் இந்த ஆண்டு வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். யாரா ஆற்றங்கரையில் ஞாயிறு காலைப் பயணங்கள் வழக்கம்போல நடந்தன. பஞ்சர் ஒட்டவும் செயின் மாற்றவும் நடத்திய வகுப்புக்கு நல்ல கூட்டம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செப்டம்பர் கடைசியில் போய்வந்த பெனல்லா பயணத்தைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேசப்போகிறேன். இன்று உங்கள் ஒப்புதலுக்கு வரும் தீர்மானம் அதில் பிறந்தது.

பெனல்லா, மெல்பர்னுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கார்களில் சைக்கிள்களை ஏற்றிப் போய் அங்கிருந்து கூரம்பாட், டெவனிஷ், செயின்ட் ஜேம்ஸ் என்று வடக்கே மிதித்தோம். மேடு பள்ளம் அதிகமில்லாத பூமி. ஒரு பக்கம் பச்சையாகக் கோதுமை, மறுபக்கம் கண் கூசும் மஞ்சளில் பூத்த கனோலா எண்ணெய் வித்துப் பயிர், நடுநடுவே குட்டிகளோடு செம்மறி ஆடுகள். எதிரே வந்த யூட் (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டி) ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்லிப் போனார்கள். மதியத்துக்குள் நம் பிள்ளைகளும் ஹாண்டில்பாரிலிருந்து அதே மாதிரி விரல் தூக்கப் பழகிவிட்டார்கள்.

இந்த ஊர்கள் பழைய ரயில் பாதையோரம் வளர்ந்தவை. தானியம் சேர்த்துவைக்கும் சைலோக்கள் இன்றும் ஊருக்கு அடையாளம். அவற்றில் பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். கூரம்பாட்டில், விக்டோரியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் குரைக்கும் ஆந்தை. டெவனிஷில் முதல் உலகப் போர்க் காலத்துச் செவிலியும் இன்றைய ராணுவ மருத்துவப் பணியாளரும். செயின்ட் ஜேம்ஸில் ஜார்ஜ் கோல்ஸ். அவருடைய அப்பா அந்தச் சின்ன ஊரில் கடை வைத்திருந்தார். மகன் 1914இல் மெல்பர்னின் காலிங்வுட்டில் தொடங்கிய கடைதான் நாம் வாராவாரம் பால் வாங்கும் கோல்ஸ் பேரங்காடியாக வளர்ந்தது.

வடக்குக் காற்று முகத்தில் அடித்ததால் போகும்போது சிரமம். சைலோ கண்ணுக்குத் தெரிகிறது, மிதிக்க மிதிக்கப் பக்கத்தில் வருவதாகக் காணோம். பலமுள்ளவர்கள் மாறி மாறி முன்னால் போய்க் காற்றைத் தாங்கினார்கள். கடைசியில் வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம் என்ற நம் பழைய விதியை அன்று யாரும் மீறவில்லை. அதற்கு என் தனி நன்றி. மேக்பை பறவை தலைக்கு மேல் பாய்ந்த இடத்தில் எல்லாரும் இறங்கி நடந்தோம். குஞ்சு பொரிக்கும் காலம், அதன் எல்லைக்குள் நாம்தான் போயிருக்கிறோம். திரும்பும் வழியில் இரண்டு டயர்கள் பஞ்சர். பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சிமுள்! ஊரில் காலில் குத்திய அதே செடி இங்கும் களைதான்.

அந்த முள்ளிலிருந்துதான் விஷயத்துக்கு வருகிறேன். கனோலா வயலைப் பார்த்ததும் சிலர் உள்ளே இறங்கிப் படம் எடுக்க வேலிப் பக்கம் போனார்கள். வழிகாட்டி தடுத்தார். ஒருவர் முகம் சுளித்ததும் உண்டு. ஆனால் டயரில் நெருஞ்சி ஒட்டிக்கொண்டு வருவதுபோலத்தான் செருப்பிலும் சேற்றிலும் களை விதை ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகிறது. இங்கே ரைகிராஸ் என்ற களை பல களைக்கொல்லிகளுக்கு அசைந்துகொடுப்பதில்லை. அது புகுந்த வயலில் விவசாயி பல ஆண்டுகள் மல்லுக்கட்ட வேண்டும். நம்மில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். யாரோ முன்பின் தெரியாதவர் நம் அப்பாவின் நெல்வயலில் கூட்டமாக இறங்கி நின்றால் விட்டிருப்போமா? வேலிக்கு இந்தப் பக்கம் நின்றும் அழகான படங்கள் எடுத்தோம்.

ஆகவே செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: உரியவரின் அனுமதி இல்லாமல் எந்த வயலுக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. திறந்திருந்த கேட் திறந்தபடியும் மூடியிருந்த கேட் மூடியபடியும் இருக்க வேண்டும். கிராமப் பயணத்துக்குக் கிளம்புமுன் டயரையும் காலணியையும் கழுவிவிட்டு வர வேண்டும்.

டிசம்பரில் இதே வழியில் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. செயற்குழு ஏற்கவில்லை. அறுவடை நேரத்தில் தானிய லாரிகள் ஓய்வில்லாமல் ஓடும். வேகவரம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலுள்ள சாலையில் முந்திச் செல்லும் வண்டி சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று நம் விக்டோரியா மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒடுங்கிய கிராமச் சாலையில் நீளமான லாரி அவ்வளவு ஒதுங்க இடம் வேண்டுமே. கோடை வெயிலும் காட்டுத்தீ எச்சரிக்கையும் வேறு. அடுத்த செப்டம்பரிலேயே போவோம்.

அடுத்த முறை கடைசியில் வருபவர்களோடு துணைக்கு வர இருவர் தேவை. இந்த முறை ஒரே அக்கா காலை முதல் மாலை வரை அந்தப் பொறுப்பைச் சுமந்தார். முன்வருபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்