கையெழுத்துப் போட்டீர்கள், முறையிட வழி விட்டீர்களா?

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் உறுப்பு நாடுகளுக்கும், அடுத்த தேர்தலில் அங்கே இடம் கேட்டு நிற்கப்போகும் நாடுகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பேரவையின் 47 இடங்களில் யார் உட்கார்ந்தாலும், பாகுபாடு நல்லது என்று எழுந்து பேசுவதில்லை. இனம், நிறம், பால், பிறப்பு, மாற்றுத்திறன் என எந்தப் பேரிலும் மனிதரைத் தாழ்த்தக் கூடாது என்பதற்கு உடன்படிக்கைகள் இருக்கின்றன. உங்களில் பெரும்பாலோர் அவற்றில் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். எனவே கொள்கை பற்றி உங்களோடு வாதிட எனக்கு ஒன்றுமில்லை. கேட்க இருப்பது ஒன்றுதான்: அந்த உடன்படிக்கையை நீங்கள் மீறினால், பாதிக்கப்பட்டவர் நேராக வந்து முறையிட வழி விட்டிருக்கிறீர்களா?

1965-ல் ஏற்கப்பட்ட இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வகை முறையீடு உண்டு. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது புகார் சொல்லலாம். இதற்குத் தனிச் சம்மதம் தேவையில்லை, உடன்படிக்கையில் சேர்ந்தாலே போதும். ஆனால் ஒரு தனி மனிதர் தன் அரசின் மீது புகார் சொல்ல வேண்டுமானால், அந்த அரசு 14-ஆம் பிரிவின்படி ‘சரி, சொல்லட்டும்’ என்று தனியாக அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காவிட்டால், உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவால் அந்தக் கடிதத்தை விசாரணைக்கு எடுக்கவே முடியாது.

வேடிக்கை என்னவென்றால், நாடுகளுக்குத் தாராளமாகக் கொடுத்த அந்த உரிமையை எந்த நாடும் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தொடவில்லை. முதன்முதலாக அது பயன்பட்டது 2018-ல்தான். யாருக்கு அவசரமாகத் தேவைப்பட்டதோ, அவர்களுக்கான வழி மட்டும் அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. அதுவும் பத்து நாடுகள் சம்மதித்தால்தான் நடைமுறைக்கு வரும் என்று விதி. உடன்படிக்கை 1969-ல் அமலுக்கு வந்தது. அந்தப் பத்து நாடுகள் தேறியபோது 1982 ஆகிவிட்டது.

குடிசார், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையிலும் தனி மனிதருக்கு இதே கதைதான். அங்கே தனிநபர் முறையீடு ‘விருப்ப நெறிமுறை’ என்ற தனி ஆவணத்தில் இருக்கிறது, அதில் சேருவதும் சேராததும் அரசின் விருப்பம்.

வழி விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவைப் பாருங்கள். சாண்ட்ரா லவ்லேஸ், மாலிசீட் பழங்குடியைச் சேர்ந்தவர். 1970-ல் பழங்குடி அல்லாத ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். அந்த நாளோடு சட்டப்படி அவர் பழங்குடி அல்லாதவராகிவிட்டார். அதே சமூகத்து ஆண் ஒருவர் வெளியில் பெண் எடுத்தால் அவர் எதையும் இழக்கமாட்டார், வந்த மனைவிக்கும் பழங்குடித் தகுதி கிடைத்துவிடும். சாண்ட்ராவின் மணவாழ்க்கை முறிந்தது. பிறந்து வளர்ந்த டோபிக் குடியிருப்புக்குப் பிள்ளையோடு திரும்பி வந்தார். அங்கே வாழும் உரிமை உனக்கு இல்லை என்றது சட்டம். உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். வேறு பெண்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள். இந்தச் சட்டம் செல்லும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றமே 1973-ல் சொல்லிவிட்டது.

சாண்ட்ரா 1977-ல், குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு எழுதினார். சட்டம் திருத்தப்பட வேண்டியதுதான் என்று கனடா அரசே குழுவிடம் ஒப்புக்கொண்டது. ஆனால் பழங்குடிகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை, அதனால் உடனே மாற்ற முடியாது என்றது. (பெண்களுக்கு உரியதைத் தரும்போது மட்டும் ஊர் முழுக்க ஒரே குரலில் பேசும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பறிக்கும்போது யாரும் அப்படிக் காத்திருந்ததாகத் தெரியவில்லை.) 1979-ல் டோபிக் பெண்கள் பிள்ளைகளோடு ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு நடந்தே போனார்கள். 1981-ல் குழு தன் முடிவைச் சொன்னது. அவருடைய திருமணத்தின்போது உடன்படிக்கை அமலில் இல்லாததால் தகுதியைப் பறித்ததைக் குழு நேரடியாக விசாரிக்கவில்லை. ஆனால் சொந்த மக்களோடும் அவர்களது மொழி, பண்பாட்டோடும் வாழவிடாமல் இன்னும் தடுப்பது மீறலே என்றது. 1985-ல் கனடா சட்டத்தைத் திருத்தியது. அப்புறமும் மிச்சமிருந்த பாகுபாட்டை நீக்கும் திருத்தங்கள் முழுதாக நடைமுறைக்கு வர 2019 ஆனது. சாண்ட்ரா இதற்கிடையில், 2005-ல், அந்நாட்டின் செனட் உறுப்பினராகியிருந்தார்.

ஆஸ்திரேலியா அந்த விருப்ப நெறிமுறையில் சேர்ந்து, அது அந்நாட்டுக்கு அமலான நாள் 1991 டிசம்பர் 25. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய டாஸ்மேனிய மாநிலச் சட்டத்துக்கு எதிராக நிக்கோலஸ் டூனன் எழுதிய முறையீட்டில் இருக்கும் தேதியும் அதுவே. ஒரு நாள்கூட வீணாக்கவில்லை மனிதர். 1994-ல் குழு அவர் பக்கம் நின்றது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய மத்திய அரசு அதற்கேற்பச் சட்டம் இயற்றியது. பிடிவாதமாக நின்ற டாஸ்மேனியாவும் 1997-ல் தன் சட்டத்தை நீக்கியது.

மொரிஷியஸில் தங்கி வாழ வெளிநாட்டுக் கணவனுக்கு ஒரு விதி, வெளிநாட்டு மனைவிக்கு வேறு விதி என்றிருந்தது. இருபது பெண்கள் சேர்ந்து முறையிட்டார்கள். அதில் பதினேழு பேர் திருமணமாகாதவர்கள், அவர்கள் இன்னும் பாதிக்கப்படவில்லை என்று குழு தள்ளிவிட்டது. மூன்றே பேரின் முறையீடு நின்றது. 1983-ல் சட்டம் மாறியது. ஸ்லோவாக்கியாவில் ரோமா என்ற சிறுபான்மை மக்களுக்கு மலிவு வீடு கட்டும் தீர்மானத்தை, ஊரார் எதிர்த்துக் கையெழுத்து வேட்டை நடத்தியதும் நகர மன்றம் கைவிட்டது. அது பாகுபாடுதான் என்று 2005-ல் சொன்னது இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு.

‘எங்கள் நீதிமன்றங்கள் சுதந்திரமானவை, வெளியார் எதற்கு?’ என்பது உங்களில் பலர் சொல்லும் காரணம். உள்நாட்டில் இருக்கும் வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகே குழுவுக்கு வர முடியும் என்பது விதி. எனவே உங்கள் நீதிமன்றங்களை யாரும் தாண்டிப் போகப்போவதில்லை. அவை நீதி வழங்கிவிட்டால் குழுவுக்கு வேலையே இல்லை. ஆயிரக்கணக்கில் பொய்ப் புகார் குவியும் என்ற பயமும் வேண்டாம். வழக்காடி ஓய்ந்து, பிறகு ஐ.நா.வின் அலுவல் மொழி ஒன்றில் மனு எழுதி, பல ஆண்டுகள் காத்திருப்பது யாருக்கும் பொழுதுபோக்கு இல்லை.

இந்தியா இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 1968-லேயே சேர்ந்த நாடு. அமெரிக்கா சேர்ந்தது 1994-ல். ஜப்பானும் உறுப்பு நாடு. மூன்றுமே 14-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்புச் செய்யவில்லை. பிறப்பின் வழிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று குழு 2002-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. ஏற்காமல் வாதிட அரசுக்கு இடமிருக்கிறது, குழுவுக்கு அறிக்கை கொடுத்தபோது வாதிட்டும் இருக்கிறது. சாதியால் அடிபட்டவருக்கு அதே குழுவின் முன் தன் வழக்கைச் சொல்ல இடமில்லை. எனக்கு இதில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

வழி விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. குழுக்களிடம் காவல்துறையும் இல்லை, சிறையும் இல்லை. இலங்கை 1997-ல் விருப்ப நெறிமுறையில் சேர்ந்தது. அதை நம்பி முறையிட்ட ஒரு கைதியின் பக்கம் குழு முடிவெடுத்த பிறகு, நாடு அப்படிச் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று அதன் உச்ச நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. ஜமைக்கா சேர்ந்துவிட்டு விலகியது. இருந்தும், குழுவின் முடிவு கையில் இருக்கும் ஒருவரிடம் ‘உனக்கு அநீதி நடக்கவே இல்லை’ என்று அரசு சொல்வது முன்போல் எளிதாக இருக்காது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? 14-ஆம் பிரிவுக்குப் புதிய உடன்படிக்கை வேண்டாம். ஐ.நா. பொதுச் செயலாளரிடம் ஓர் அறிவிப்பைக் கொடுத்தால் போதும். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் மனித உரிமை நிலவரத்தைச் சக நாடுகள் ஆய்வு செய்யும்போது, தனிநபர் முறையீட்டை ஏற்கும்படி பரிந்துரை வந்தால் ‘குறித்துக்கொண்டோம்’ என்று எழுதி ஒதுக்காதீர்கள். ஏற்கமுடியாது என்றால் ஏன் என்று உங்கள் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள்.

பேரவையில் இடம் கேட்கும்போது நீங்களாக முன்வந்து வாக்குறுதிகள் எழுதிக் கொடுப்பது வழக்கம். ‘உறுதிபூண்டுள்ளோம்’, ‘தொடர்ந்து பாடுபடுவோம்’ போன்ற வரிகள் அதில் நிறையவே இருக்கின்றன. அடுத்த முறை அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, 14-ஆம் பிரிவு அறிவிப்பை எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். வாக்களிக்கும் நாடுகளும் அந்தத் தேதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
முறையிட வழியில்லாத நாட்டில் வாழும் ஒருவர்