லயத்தார் நாகரிகம்

பங்காளி மாரிமுத்து,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு எழுதவே இல்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் நலம், என் முழங்கால் மட்டும் அப்படியேதான். பீடோங்கில் நாலு நாளாக மழை. சரி, விஷயம் என்னவென்றால், அறுபத்தெட்டு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு விட்டார்கள்!

பேரன் கொல்லையில் தோண்டிக்கொண்டிருந்தவன் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற பழைய மங்கு ஒன்றைக் கொண்டுவந்தான். விளிம்பு உடைந்து, அடியில் ஒட்டுப்பால் கறுத்துப் பிடித்திருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அவனை மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன், அங்கே ஓட்டாஞ்சில்லுக்கெல்லாம் கண்ணாடிப் பெட்டி. "இது யாருது தாத்தா?" என்றான். என் நாக்கு சும்மா இருக்குமா? தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை நினைத்து, லயத்தார் என்று ஓர் ஆதி இனமடா என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவர்கள் சூரியனுக்குப் பயந்தவர்கள், வெயில் ஏறினால் மரத்துக்குக் கோபம் வந்து பால் நின்றுவிடும் என்று இருட்டிலேயே எழுந்துவிடுவார்கள். பெரட்டு என்று ஒரு வழிபாடு, கிராணி என்ற பூசாரி பேர்களை ஓதுவார், குரல் கொடுக்காதவன் அன்றைக்குப் பிறக்கவே இல்லை என்று கணக்கு. அப்புறம் மரத்துக்கு மரம் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்கோடு கீறுவார்கள், அதுதான் அவர்கள் எழுத்து, மொத்தம் ஒரே எழுத்து. மங்கு காணிக்கைப் பாத்திரம். தெய்வத்தின் பேர் தொரை, மோட்டாரில் வரும், பேசாது, விரலை நீட்டும். மழை பெய்தால் தெய்வம் காணிக்கை வாங்காது, இனம் முழுக்கப் பட்டினி விரதம். மரம் கடல் தாண்டி வந்தது, 1877-இல் கோலகங்சாரில் நட்டார்கள் என்றும் சொன்னேன், அது ஒன்றுதான் நிசம், அதைத்தான் அவன் நம்பவில்லை. உன்னையும் விடவில்லை. தோளில் காண்டாக் கம்பு போட்டுச் சுமந்த பால் வாளியோடு வழுக்கி விழுந்து பாலாலேயே முழுக்காட்டு கண்ட மன்னன் மாரி!

பயல் அத்தனையையும் கட்டுரையில் எழுதிவிட்டான். கடாரத்தைப் பற்றி, அதாவது நம் பழைய கெடாவைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். ஆசிரியை சின்னப்பெண், பட்டணத்துப் பிள்ளை. நான் அசடு வழிய உட்கார்ந்திருந்தேன், அவர் நோட்டை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார், "ஐயா, பெரட்டுன்னு உண்மையிலேயே ஒண்ணு இருந்துச்சா?"

விடியுமுன் கிராணி கணக்கர் நம்மை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட பெரட்டை அந்தப் பிள்ளை கேள்விப்பட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பு போய்விட்டது, பங்காளி. இங்கே பக்கத்தில் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் மண்குழாய்களை ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 1025-இல் கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திர சோழன் பேர் ஊருக்கே தெரியும், அந்த உலைக்குத் துருத்தி ஊதியவன் பேர் எவனுக்குத் தெரியும்? 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் வீடு கட்டுகிறவர்கள் சண்டி என்கிற ஒரு பழங்காலக் கோயிலையே இயந்திரம் வைத்துத் தரைமட்டமாக்கினார்களே, அதற்காவது நாடே கத்தியது. நம் லயத்தை இடித்த அன்றைக்கு நீயும் நானும் சாலையோரம் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். இப்போது அங்கே செம்பனை, கிணறு இருந்த இடத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

ஆசிரியையிடம் ஒரு மணி நேரம் பேசினேன், பாவம், பசியாறக்கூட விடவில்லை. பயலுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை, அது வேறு கதை. மங்கைக் கழுவி அலமாரியில் வைத்து, 'லயத்தார் காலம், தொடாதீர்' என்று அட்டை எழுதி ஒட்டியிருக்கிறான். உன் வீட்டுப் பரணில் அந்தக் காண்டாக் கம்பு இன்னும் கிடந்தால் பஸ்ஸில் போட்டு அனுப்பு. மன்னன் மாரியின் செங்கோலுக்கு மங்கின் பக்கத்திலேயே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறான்.

உன்
சுப்பையா