மச்சானுக்கு ஒரு பதில்: கடை ஆருடையது?

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுக் கனநாள், அருவி வெட்டு நேரம் எண்டபடியா இருந்து எழுத ஏலாமப் போச்சு. இப்பதான் மெசின்காரனுக்குக் காசைக் குடுத்து நெல்லைக் காயப்போட்டிட்டு கொஞ்சம் ஆறி இருக்கிறன். விலையைப் பற்றிக் கேட்டிருந்தாய், வழமை மாதிரித்தான், நாங்கள் வெட்டத் தொடங்கின உடன யாவாரியள் விலையை இறக்கிப்போடுவாங்கள், வச்சு விக்கிறதுக்கு எங்களிட்ட இடமும் இல்ல, கடன்காரன் விடவும் மாட்டான். யானை இந்தமுறையும் வந்து தென்னம்பிள்ளையள முறிச்சுப்போட்டுப் போட்டுது. அம்மா சுகம், முழங்கால் நோதான் பாடாப் படுத்துது. உன்ர சின்னவள் தமிழ் எழுதப் பழகுறாள் எண்டதை வாசிச்சுக் காட்டினன், மனுசிக்குச் சரியான சந்தோசம்.

சரி, நீ எழுதின மற்ற விசயத்துக்கு வாறன். போனமுறை வந்து நிண்டநேரம் சந்தியில தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில ஆக்கள் சிகரெட் பத்திக்கொண்டிருந்தது, உங்கட கனடாவில ஒன்ராறியோவில 2006 மே 31ல இருந்து ஒரு கடைக்குள்ளயும் ஒருத்தரும் பத்த ஏலாது, இங்கயும் அப்பிடி இறுக்கிப் பிடிக்கோணும், கடைக்காரனையும் கோட்டுக்கு ஏத்தோணும் எண்டெல்லாம் எழுதியிருந்தாய். எனக்கு இதில உன்னோட உடன்பாடு இல்ல மச்சான், ஏன் எண்டு கொஞ்சம் நீட்டாத்தான் சொல்லோணும்.

முதல்ல ஒண்டு, நான் புகைக்கு வக்காலத்து வாங்கேல்ல. நான் பத்துறேல்ல எண்டு உனக்குத் தெரியும், எங்கட அப்பா சுருட்டுப் பத்திப் பத்திக் கடைசியில மூச்சிழுக்க எவ்வளவு கஸ்டப்பட்டவர் எண்டும் தெரியும். பக்கத்தில நிக்கிறவனுக்கும் அந்தப் புகை கூடாது, அதையும் நான் மறுக்கேல்ல. பஸ்ஸுக்குள்ள, ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடத்தில, டி.எஸ் ஒபிஸில (பிரதேச செயலகத்தில) பத்தக்கூடாது எண்டா அது சரி, ஏனெண்டா அது எல்லாற்ற காசிலயும் நடக்கிற இடம், இல்லாட்டி சனத்துக்குப் போகாம இருக்க ஏலாத இடம். ஆனா ஒருத்தன் தன்ர காணியில, தன்ர காசில, கடன்பட்டுக் கொட்டில் போட்டு நடத்துற தேத்தண்ணிக் கடை அப்பிடி இல்ல. அதுக்குள்ள ஒருத்தரையும் ஒருத்தரும் பிடிச்சு இழுத்துக்கொண்டு வரேல்ல. புகை பிடிக்காட்டி அடுத்த கடைக்குப் போகலாம், நானே அப்பிடித்தான் போறனான். உள்ளுக்குப் பத்த விடுறதா வேண்டாமா எண்டு சொல்லவேண்டியவன் அந்தக் கடைக்காரன், நானும் இல்ல நீயும் இல்ல கொழும்பில இருக்கிறவையும் இல்ல.

இங்க சட்டம் இல்லை எண்டு நீ நினைக்கிறாய். இருக்கு. அதே 2006லதான் எங்கட நாட்டிலயும் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது, புகையிலை மதுசாரம் பற்றின தேசிய அதிகாரசபைச் சட்டம். மூடின பொது இடத்தில பத்தினா குற்றம், பத்தவிட்ட கடைக்காரனும் குற்றவாளி. ஆனா அதில ஒரு விதிவிலக்கு வச்சிருக்கினம் பார், 30 அறையாவது உள்ள ஹோட்டல், 30 பேராவது இருந்து சாப்பிடக்கூடிய ரெஸ்ரோறன்ற், எயார்போட், இதுகளில பத்துறதுக்கு எண்டு தனி இடம் ஒதுக்கலாம். அப்ப நாலு வாங்கு போட்ட கடைக்கு? அதுக்கு ஒண்டும் இல்ல. பெரிய ஹோட்டல்ல வெளிநாட்டுக்காரன் ஏசிக்குள்ள இருந்து பத்தினா அது வசதி, ஏ9 றோட்டுக்கரையில வயலுக்குப் போட்டு வந்த கிழவன் பிளேன்ரீயோட ஒரு பீடி பத்தினா அது குற்றம், கடைக்காரனுக்கு வழக்கு. எனக்கு வயிறு எரியிறது இந்த இடத்திலதான். எங்கட பக்கம் ஒரு கடைக்காரர், பேர் வேண்டாம், வயசுபோன மனுசன், கடையில ஆரோ பத்தினதுக்காகத் தான் கோட்டுக்கு அலைஞ்சவர், அந்த நாளெல்லாம் கடை பூட்டு. பத்தினவன் ஆர் எண்டே அவருக்குத் தெரியாது.

ஜெர்மனியில இதே பிரச்சினை அவையின்ர அரசியலமைப்பு நீதிமன்றம் மட்டும் போனது. அங்க பெரிய கடையள் பத்துறதுக்குத் தனி அறை வைக்கலாம், ஒரே ஒரு அறையோட இருக்கிற சின்ன மதுக்கடையளுக்கு வழியில்லை எண்டு சட்டம், சின்னக் கடைக்காரர் வழக்குப் போட்டவை, 2008 ஜூலை 30ல தீர்ப்பு வந்தது, பெரியவனுக்கு விலக்குக் குடுத்துப்போட்டுச் சின்னவன்ர தொழிலை மட்டும் நெரிக்க ஏலாது எண்டு. ஒருத்தருக்கும் விலக்கு இல்லாம முழுசாத் தடை போட்டா அது செல்லும் எண்டும் அதே தீர்ப்பிலதான் இருக்கு, அதை உன்னட்ட மறைக்கேல்ல. நீ கேக்கிறது அந்த முழுத்தடையைத்தான். அதையும் நான் ஏன் எதிர்க்கிறன் எண்டா, சட்டப்படி செல்லும் எண்டதுக்காக அது நியாயம் எண்டு ஆகாது. செல்லுபடியான கடதாசியளக் காட்டித்தானே எங்கட ஆக்களை எத்தினை இடத்தில வாசல்ல நிப்பாட்டினவை.

இதைச் சொல்லேக்க எனக்குக் காணி விசயம்தான் ஞாபகம் வருது. வன்னியில கனக்கச் சனத்தின்ர கையில இருக்கிறது பெர்மிட் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்ர கீழ அரசாங்கம் குடுத்தது, உழுது விதைக்கலாம், ஆனா அனுமதி எடுக்காம விக்க ஏலாது. முல்லைத்தீவில கேப்பாப்புலவுச் சனம் 2017ல தங்கட சொந்தக் காணியைத் தா எண்டு கேட்டு ராணுவ முகாம் வாசல்ல குந்தியிருந்தது உனக்கும் தெரியும். சிகரெட்டையும் அதையும் ஒரே தராசில வைக்கிறன் எண்டு நினைச்சிடாத, அந்தச் சனத்தின்ர நோ வேற. ஆனா உன்ர இடத்தில என்ன நடக்கோணும் எண்டு மேல இருக்கிறவன் தீர்மானிப்பான், உன்ர நன்மைக்குத்தான் செய்யிறம் எண்டும் சொல்லுவான், இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளந்தனாங்கள். அதாலதான் சின்ன விசயத்திலயும் எனக்கு உடன தலையாட்ட வருகுதில்ல.

வேலைக்கு நிக்கிற பெடியனை என்ன செய்யிறது எண்டு நீ கேப்பாய். நல்ல கேள்வி, எனக்கும் அதுதான் கஸ்டமான இடம். வேற வேலை பாக்கலாம்தானே எண்டு லேசாச் சொல்லிப்போடலாம், ஆனா இங்க வேலை எங்க கிடக்கு. அதால சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்கிற கடையில அந்த ஆள் நிக்கிற பக்கம் பத்தக்கூடாது எண்டு விதி போட்டா நான் எதிர்க்க மாட்டன். புருசனும் பொஞ்சாதியும் தாங்களே நிண்டு நடத்துற கடையை விடு. வாசல்ல ‘இங்கே புகைப்பிடிப்பார்கள்’ எண்டு பெரிசா எழுதிப் போடச் சொல்லு, பிள்ளையளோட வாறவை பாத்திட்டுத் திரும்பிப் போகட்டும்.

யாழ்ப்பாணப் பக்கம் சில ஊர்களில கடைக்காரரே தங்களுக்குள்ள கதைச்சு சிகரெட் விக்கிறதையே நிப்பாட்டினவை, கேள்விப்பட்டிருப்பாய். அதுக்கு நான் ரெண்டு கையையும் தட்டுவன். லாபம் போகும் எண்டு தெரிஞ்சும் தங்கட கடையில தாங்களே எடுத்த முடிவு. சட்டம் வெருட்டி வாற ஒழுக்கத்தை விட இது நிலைக்கும் எண்டு நான் நம்புறன். தடையை மட்டும் நம்பின இடங்களையும் பார். பூட்டானில 2004ல விக்கிறதையே தடை செய்தவை, எல்லையால கள்ளமா வந்துகொண்டே இருந்தது, கடைசியில 2021ல அந்தத் தடையை எடுத்திட்டினம். எங்கட மன்னார்க் கடலிலயும் நேவி பீடி இலை மூட்டையளப் பிடிச்சுக்கொண்டேதான் இருக்கு, வாறது நிண்டதா? தோட்டக்காரரையும் யோசி, 2020ஓட புகையிலைச் செய்கையையே நிப்பாட்டுவம் எண்டு அப்ப இருந்த மைத்திரி அரசாங்கம் சொல்லேக்க, பரம்பரையாப் புகையிலை வச்ச சனத்திட்ட ஆர் போய்க் கேட்டது?

உன்ர கோபம் எனக்கு விளங்குது. உன்ர பிள்ளையளோட வந்து இருந்தனி, புகை முகத்தில அடிச்சது, ஆருக்கெண்டாலும் கோபம் வரும். கடைக்காரரிட்ட நேர சொல்லியிருக்கலாம், மனுசன் கேட்டிருப்பார், இனி வரேக்க நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் கதைக்கிறன். ஆனா அவரைக் கோட்டுக்கு ஏத்தோணும் எண்டு மட்டும் எழுதாத. அந்தக் கடையை ஒருக்கா எரிஞ்ச இடத்தில இருந்து திரும்பக் கட்டினவர் அவர்.

உன்ர பதிலை நீட்டா எழுது, வேலைக்காரப் பெடியன்ர விசயத்தில நான் சொன்னது காணாது எண்டு நினைச்சா அதையும் எழுது. மாவும் மிளகாய்த்தூளும் அம்மா இடிச்சு வச்சிருக்கிறா, ஆர் அங்கால வருகினம் எண்டு சொன்னா குடுத்துவிடுறன்.

உன்ர கூட்டாளி,
மாங்குளத்தில இருந்து