மகளே, அந்த மாடுகளுக்குக் கிட்டப் போய் எடு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு அம்மாவும் நானும் இருந்து பார்த்தோம். வெள்ளவத்தையில் நல்ல மழை, கரண்டும் போய்விட்டது, அந்த இருட்டில் போனுக்குள் உன் சுவிஸ் பள்ளத்தாக்கு சிம்மன்தால் பச்சைப் பசேலென்று வந்தபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, மாடுகளுக்கு முகம் மட்டும் ஏன் இப்படி வெள்ளை என்று கேட்டாள். அந்த இனமே அப்படித்தான், நீ இருக்கிற பள்ளத்தாக்கின் பெயரோடுதான் உலகமெல்லாம் போயிருக்கிறது என்று சொன்னேன்.

படங்கள் வடிவுதான். ஆனால் இருபது வருஷம் ஸ்டூடியோவில் நின்ற கண், சொல்லாமல் விட மனம் வரவில்லை. எல்லாப் படத்திலும் மலைதான் நிற்கிறது, மாடு எங்கேயோ எறும்பு மாதிரி. கிட்டப் போ பிள்ளை. குந்தியிருந்து மாட்டின் கண் மட்டத்துக்குப் போனைப் பிடி, நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் விழும். பனிமூட்டமான காலையில் போன் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், அப்போது திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு. பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் கறுப்பு நிழல் என்று கிடக்கிற நேரம் எடுக்காதே. பின்னேரம் சாய்ந்த வெயில் பக்கத்தால் விழும்போது எடு, மாட்டின் மயிர்கூடத் தனித்தனியாகத் தெரியும்.

அப்புறம் உன் பக்கத்து வீட்டு அம்மா, காலையில் பால் கறக்கிறவ என்று சொன்னாயே, அவவிடம் கேட்டுவிட்டு அவவின் கையை எடு, சப்பாத்தை எடு, கொட்டிலை எடு. கோடையில் மாடுகளை மேலே மலைக்கு ஏற்றி, செப்டம்பரில் மணி கட்டி இறக்குவார்களாமே, அந்த நாளை விடாதே.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? உன் அப்பப்பாவுக்கு வன்னியில் ஒரு பட்டி மாடு இருந்தது. மாரி மழைக்குக் காலபோக நெல் விதைத்தால் வயலுக்குள் மாடு இறங்கக் கூடாது, காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விடுவார், அறுவடை முடிந்துதான் பட்டி திரும்பும். வயலோரத்தில் நான் காத்து நிற்பேன், முதலில் புழுதி தெரியும், பிறகுதான் மாடு. உங்கள் ஊரில் மலை, எங்களுக்குக் காடு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பட்டியின் ஒரு படம்கூட இன்று என்னிடம் இல்லை. இருந்த அல்பமும் இடப்பெயர்வில் போனது. ஊரார் கல்யாணத்தையெல்லாம் படம் பிடித்தேன், அப்பா பால் கறக்கிறதை ஒருநாளும் எடுக்கத் தோன்றவில்லை எனக்கு.

அதனால் போனிலேயே வைத்திருக்காதே, பிரிண்ட் போடு. இங்கே கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்குக்கு உன்னைக் கூட்டிப் போனது ஞாபகமா? பெரிய படப்பிடிப்பாளரான அந்த மனிதர் 1944இல் செத்த பிறகு அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். கடதாசியில் போட்டு வைத்ததால்தான் அவருடைய படங்களை இன்றைக்கும் பார்க்கிறோம்.

இரண்டு பிரிண்ட் எனக்குத் தபாலில் அனுப்பு. ஒன்று அந்த வெள்ளை முகத்துக்காரி, பின்னால் அவளின் பெயரை எழுது என்று அம்மா சொல்கிறாள். மற்றதில் நீயும் நிற்க வேண்டும், கறக்கிற அம்மாவிடம் போனைக் கொடுத்து எடுப்பி.

அன்புடன்,
அப்பா