பழைய மாணவர் சங்கம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

சங்கத்தின் தலைவரும் எமது பாடசாலையின் அதிபருமான ஐயா அவர்களே, பொருளாளரே, ஆசிரியப் பெருந்தகைகளே, கொழும்பிலிருந்து இரவு பஸ் ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் பேசிப் பேசி முடிவாகாமல் விட்ட விடயம் ஒன்று உண்டு. பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்டுவதா, வேண்டாமா? ஒரே ஆண்டில் ஒன்றாகப் படித்த பழைய மாணவர் அணிகள் இரண்டு அதற்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தன. வரைபடம் கூட வந்துவிட்டது. செயற்குழு அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆண்டு வேண்டாம் என்று தள்ளி வைத்தது. அந்த அணியினரிடமே திரும்பப் போய், அதே பணத்தைக் கணித வகுப்புக்கும், பிள்ளைகள் வந்து போகும் செலவுக்கும், சாதாரண தரம் (பதினோராம் தரத்துப் பொதுப் பரீட்சை) எழுதிய பிறகு காணாமல் போகும் பிள்ளைகளைத் தேடுவதற்கும் தர முடியுமா என்று கேட்டோம். ஓர் அணி உடனே சம்மதித்தது. மற்றது கொஞ்சம் முகம் சுளித்தாலும் பிறகு தந்தது. வளைவு கட்டினால் திறப்பு விழா வைக்கலாம், கல்லில் பெயர் பொறிக்கலாம். சனிக்கிழமை வகுப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. தெரிந்தே தந்தார்கள், அவர்களுக்கு நன்றி.

இளைய உறுப்பினர்களுக்காகப் பாடசாலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இது மலையகத் தேயிலைத் தோட்டம் நடத்திய பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. ஒரே கூரை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது அது தோட்டத்து எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்த பிறகுதான் தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. ‘சீடா கட்டடம்’ என்று நாம் இன்றும் சொல்லும் அந்த நீள மண்டபம் சுவீடன் நாட்டு உதவியில் அதற்குப் பிறகு கட்டப்பட்டது. அப்புறம் சாதாரண தரம் வந்தது, உயர்தரத்தில் (12, 13 ஆம் தரங்களில்) கலையும் வர்த்தகமும் வந்தன. இன்று எமது பாடசாலை 1சி தரம், அதாவது உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ள பாடசாலை. விஞ்ஞானப் பிரிவு இல்லை. அந்தக் குறையைக் கடைசியில் பேசுகிறேன்.

முதலில் கணிதம். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அதில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும், தாய்மொழியும் கணிதமும் அந்த ஆறுக்குள் வர வேண்டும். தமிழிலும் சமயத்திலும் வரலாற்றிலும் நன்றாகச் செய்த பிள்ளை கணிதத்தில் விழுந்து வீட்டோடு நின்றுபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எமது பாடசாலையில் ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை கணிதத்துக்கென நியமனம் பெற்றவர் ஒருவர்தான். பத்தனை கல்வியியல் கல்லூரியில் பயிற்சி பெற்று வந்தவர், நல்ல ஆசிரியர். ஆனால் ஒருவர் எத்தனை வகுப்புக்கு ஓடுவார்? மீதி வகுப்புகளை வேறு பாட ஆசிரியர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். வெற்றிடத்தைப் பற்றி வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபர் எழுதியிருக்கிறார், சங்கமும் எழுதியது. பதில் வந்தது, ஆசிரியர் இன்னும் வரவில்லை.

ஆகவே சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினோம். அயல் பாடசாலையில் கற்பிக்கும் எமது பழைய மாணவி ஒருவரும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவரும் மாறி மாறி எடுத்தார்கள். சங்கம் கொடுத்தது போக்குவரத்துச் செலவும் பகல் சாப்பாடும் மட்டும். பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்கான வகுப்பு இது. என்றாலும் முதல் வாரமே வாய்ப்பாட்டுக்கும் பின்னத்துக்கும் இறங்கிப் போக வேண்டியிருந்தது. சில பெற்றோர் வந்து, “என்னங்க மிஸ், பெரிய வகுப்புப் புள்ளைக்கு ரெண்டாம் வாய்ப்பாடா சொல்லித் தர்றீங்க?” என்று கேட்டார்களாம். அடித்தளம் இல்லாத பிள்ளைக்குக் கடந்தகால வினாத்தாளை மட்டும் பிரதி எடுத்துக் கொடுத்துப் பயனில்லை என்று அந்த ஆசிரியை உறுதியாக நின்றார். முதலாம் வினாத்தாளின் சிறு வினாக்களை விடாமல் செய்யப் பழக்கினார். சித்தியின் எல்லையில் நிற்கும் பிள்ளையை அந்த வினாக்கள்தான் தூக்கி விடும். இந்தப் பிள்ளைகள் இம்மாதம், 2026 பெப்ரவரியில், பரீட்சை எழுதுகிறார்கள். வகுப்பின் பலனைப் பெறுபேறு வந்த பிறகு பேசலாம்.

அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கம் இந்த ஆண்டு செய்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

சென்ற முறை சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச் கடைசியில் முடிந்தது. பெறுபேறு ஜூலையில் வந்தது. இடைப்பட்ட மாதங்களில்தான் எமது பாடசாலை பிள்ளைகளை இழக்கிறது. பரீட்சை முடிந்து மூன்று வாரம் கூட இருக்காது, சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் புதுச் சட்டையும் புதுப் போனுமாக ஊருக்கு வருவார்கள். திரும்பிப் போகும்போது தனியாகப் போக மாட்டார்கள். “சும்மாதானே இருக்கே, ரிசல்ட் வர்ற வரைக்கும் வா” என்பார்கள். பெறுபேறு வரும்போது பையன் புறக்கோட்டையில் துணிக்கட்டுத் தூக்கிக்கொண்டிருப்பான். சித்தி பெற்றதே அவனுக்குத் தெரியாத சம்பவங்கள் உண்டு. பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறார்கள். இந்த நாட்டில் கட்டாயக் கல்வி 16 வயது வரைதான். சாதாரண தரம் எழுதி முடிக்கும்போது பிள்ளை அந்த எல்லையை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைத் தேடிப் போகும் கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2025 முழுவதும் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதுவும் வேலை கொடுத்த நாளுக்கு மட்டும், சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் மட்டும். மகன் மாதம் ஒருமுறை ஏதோ ஒரு தொகை அனுப்புகிறான் என்றால், அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வேண்டும்.

சரி, சங்கம் என்ன செய்தது? பரீட்சை தொடங்கும் முன்பே வகுப்பாசிரியரிடம் பட்டியல் வாங்கினோம். ஒவ்வொரு டிவிசனுக்கும் (தோட்டப் பிரிவுக்கும்) ஒரு பழைய மாணவர் பொறுப்பு. பரீட்சை முடிந்த வாரமே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாடசாலையில் கணினியும் பேச்சுச் சிங்களமும் பழக்கும் சிறு வகுப்பு ஒன்றை நடத்தினோம். கணினி பழையது, பாதி நாள் மின்சாரம் இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு தொடர்ந்து வந்தார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

போனவர்களைத் தேடியது எமது கொழும்பு உறுப்பினர்கள். அவர்களும் ஒரு காலத்தில் இப்படியே போனவர்கள்தான், அதனால் எந்தச் சந்தில் யார் வேலைக்கு ஆள் எடுக்கிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பெறுபேறு வந்த அன்று அதிபர் பட்டியலை வாட்ஸப்பில் போட்டார். இவர்கள் கடை கடையாகப் போய், “தம்பி, நீ பாஸ். கிளம்பு, மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்கள். ஒரு முதலாளி பாக்கிச் சம்பளத்தோடு பஸ் காசும் கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் பிள்ளையைப் பார்க்கவே விடவில்லை. திரும்பி வந்தவர்கள் இப்போது உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். வராதவர்களும் இருக்கிறார்கள். கணிதத்தில் விழுந்தவர்களுக்கு இரண்டாம் முறை எழுதலாம் என்பதையும், பெறுபேறு எப்படி இருந்தாலும் சேரக்கூடிய 13 வருடக் கல்வியின் தொழிற்துறைப் பிரிவு சில பாடசாலைகளில் உண்டு என்பதையும் எடுத்துச் சொன்னோம். இதைப் பல பெற்றோர் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

மார்ச் மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மாசி, பங்குனி என்றால் ஒரு பக்கம் காமன் கூத்து, மறு பக்கம் அம்மன் திருவிழா. பரீட்சை வாரத்திலும் ஒலிபெருக்கி விடிய விடியப் பாடும். கோயில் கமிட்டிகளைச் சந்தித்து இரவு எட்டு மணிக்கு மேல் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஒரு கோயிலைத் தவிர. எந்தக் கோயில் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இம்முறை பரீட்சை பெப்ரவரி 17 ஆம் திகதி தொடங்குகிறது, மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.

பஸ் விடயத்தில் பாதிதான் வெற்றி. கீழ் டிவிசன் பிள்ளைகள் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் வருகிறார்கள். குளவிக்கும் மழைக்கும் பயந்து சின்னவர்கள் பாதி நாள் வருவதே இல்லை. சிசு செரிய என்ற மாணவர் பஸ் சேவை கேட்டு மனு கொடுத்தோம். காலை பஸ் ஒன்று விடப்பட்டு, சில வாரம் ஓடி, வீதி சரியில்லை என்று நின்றது. வீதிக்குப் பொறுப்பானவர்கள் பஸ் ஓடினால்தானே செப்பனிடுவோம் என்கிறார்கள், டிப்போ செப்பனிட்டால்தானே ஓடுவோம் என்கிறது. இப்போதைக்குச் சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் வேன் வைத்திருக்கிறோம்.

அடையாள அட்டைக்கான ஆவணங்களைச் சரிபார்க்கும் முகாம் ஒன்று நடந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர், சிங்களத்தில் எழுதும்போது மூன்றாவது பெயர் என்று வந்த பிள்ளைகளே அதிகம். கிராம உத்தியோகத்தர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். லயத்து வீடுகளுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) தனி விலாசம் இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் தேங்கிப் பிந்துகின்றன. பல்கலைக்கழகம், கல்வியியல் கல்லூரி விண்ணப்பங்களில் எனது கடை விலாசத்தைத் தாராளமாகப் போடலாம் என்று பிள்ளைகளுக்கு அறிவித்திருக்கிறோம்.

நவம்பர் கடைசி வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிட்வா புயல் கொண்டு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை என்று மலையகம் முழுவதும் மண் சரிந்தது, வீதிகள் அறுந்தன, ரயில் நின்றது. உயர்தரப் பரீட்சை பாதியில் நிறுத்தப்பட்டது. மேட்டு லயத்துக் குடும்பங்கள் பாடசாலைக்கு வந்து சீடா கட்டடத்தில் தங்கின. முதல் இரண்டு நாளும் வெளியிலிருந்து உதவி வர வழியே இருக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் கணக்கு எழுதாமல் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அந்த முகாமில் இருந்தார்கள். சிலருடைய குறிப்புகள் வீட்டோடு போய்விட்டன. உயர்தர ஆசிரியர்கள் ஓய்வறையைத் திறந்து அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள். கொழும்பு உறுப்பினர்கள் நோட்டுகளைத் தேடிப் பிரதி எடுத்து, வீதி திறந்ததும் உலர் உணவோடு சேர்த்து அனுப்பினார்கள். மீதிப் பாடங்கள் ஜனவரியில் நடந்தன. எமது பிள்ளைகள் எல்லோரும் போய் எழுதினார்கள்.

மைதானத்துப் பக்கத் தடுப்புச் சுவர் சரிந்துவிட்டது. அதற்கு மேலே நிற்கும் ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தில் வெடிப்பு இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கைக்கு வரும் வரை அங்கே வகுப்பு நடத்த வேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. இடநெருக்கடி என்று சொல்லிச் சிலர் அவசரப்படுகிறார்கள். சின்னப் பிள்ளைகள் விடயத்தில் அவசரம் கூடாது. சுவரைச் சங்கமே கட்டலாம் என்ற யோசனைக்கும் நான் உடன்பாடில்லை. அது பொறியியலாளர் பார்க்க வேண்டிய வேலை, அரசாங்கம் செய்ய வேண்டிய செலவு. நாம் கட்டி அடுத்த மழையில் விழுந்தால் யார் பொறுப்பு?

மற்றவை: இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணங்கள் கொடுத்தோம். பெண்கள் மலசலகூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வைத்தோம். பரிசளிப்பு விழாவும் ஒளிவிழாவும் நடக்கவில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக விஞ்ஞானப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எமது மாவட்டத்துக்கு, மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்ற இரண்டு வழியிலும் இடம் உண்டு. விஞ்ஞானம் படிக்கவே இடமில்லாத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு எட்டாக் கனி. விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி தரம் கேட்டு மறுபடியும் விண்ணப்பிப்போம். ஆய்வுகூடமும் இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர்களும் இல்லாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. அதுவரை, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு பெறும் பிள்ளைகளை ஹட்டன் ஹைலன்ஸ் போன்ற பாடசாலைகளுக்கு அனுப்பி, தங்குமிடச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளை வெளியே அனுப்பினால் நமது பாடசாலையின் பெறுபேறு இறங்கும் என்று ஓர் ஆட்சேபம் வந்திருக்கிறது. இறங்கட்டும் என்பது எனது தனிப்பட்ட கருத்து. சபை முடிவு செய்யட்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் அவரைப் பார்க்காமல் போக வேண்டாம். வளைவு பற்றிய பிரேரணை நிகழ்ச்சி நிரலில் மீண்டும் இருக்கிறது, தடுப்புச் சுவர் அறிக்கை வரும் வரை அதைத் தள்ளி வைக்குமாறு செயற்குழு கேட்கிறது. அதிபருக்கும், ஆசிரியர்களுக்கும், சனிக்கிழமை வகுப்பு எடுத்த இருவருக்கும், முகாம் நாட்களில் சமைத்த தாய்மாருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
பழைய மாணவர் சங்கம்