தொண்டை நோவுக்கு மூன்று நாள் குளிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால் திருகோணமலைப் பாமசிகளில் கேட்கும் பேச்சு இது: "எச்சில் விழுங்கேலாமக் கிடக்கு, அமொக்சிசிலின் மூண்டு நாளைக்குத் தாங்கோ." மருந்துத் துண்டு கேட்காமலே வெட்டிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. அந்த மூன்று நாள் கணக்கு எப்படிப் பார்த்தாலும் பிழை.

விழுங்கும்போது வரும் தொண்டை நோ பெரும்பாலும் வைரசால் வருவது. மூக்கொழுகல், இருமல், குரலடைப்பு சேர்ந்திருந்தால் அநேகமாக அதுதான். ஒரு கிழமைக்குள் தானாக ஆறும். அதற்கு அமொக்சிசிலின் போன்ற, பக்டீரியாவை மட்டுமே கொல்லும் அன்டிபயோட்டிக் போட்டால் வயிற்றோட்டந்தான் மிச்சம்.

ஸ்ட்ரெப்டொகொக்கஸ் பக்டீரியா வேறு கதை. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடமே அதிகம். இருமல் இராது, காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தாண்டும், தாடைக்குக் கீழே நெறி கட்டி, தொட்டால் நோகும், டோர்ச் அடித்துப் பார்த்தால் சிவந்து வீங்கிய டொன்சிலில் வெள்ளைப் படலம் தெரியும். வைத்தியர் இதற்குத் தரும் பெனிசிலின் வகை மருந்து வழக்கமாக 10 நாளுக்கு. சிக்கல் என்னவென்றால், இரண்டு மூன்று நாளிலேயே நோ போய்விடும், மருந்தும் நின்றுவிடும். கிருமி தொண்டையில் தங்கினால் சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று கிழமை கழித்து வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வையே பழுதாக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொப்பளித்துத் துப்புவது. சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், அவர்களுக்கு வேண்டாம். பரசிற்றமோல் வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு நிறைக்கு ஏற்ப, ஒரு முறைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுத்தால் கஞ்சியாவது இறங்கும். கொத்தமல்லித் தண்ணீர் நல்லதுதான், கொதிக்கக் கொதிக்க அல்ல. மாரிக் காய்ச்சல் டெங்காகவும் இருக்கலாம் என்பதால் அஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்குளோபினக் எதையும் தொடாதீர்கள்.

கிருமியே இல்லாத நோவும் உண்டு. மீன் சாப்பிட்ட கையோடு ஒரே இடத்தில் குத்தினால் அது முள். சோற்றுருண்டையை விழுங்கித் தள்ளப் பார்த்தால் முள் இன்னும் ஆழமாக ஏறும். வைத்தியசாலையில் எடுப்பிக்க வேண்டும். எலிக்காய்ச்சலைத் தடுக்க டொக்சிசைக்கிளின் எடுக்கும் கந்தளாய்ப் பக்க வயல்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டு உடனே படுத்தால் மருந்து உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பிறகு விழுங்கும்போதெல்லாம் நடுநெஞ்சு எரியும். கிளாஸ் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணித்தியாலமாவது நிமிர்ந்திருக்க வேண்டும்.

வாய் திறக்க முடியாமல் போனால், எச்சில் வழிந்தால், மூச்சிழுக்கும்போது சத்தம் கேட்டால் பாமசிப் படியே ஏறாமல் நேரே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மற்றவர்களிடம் இருமல் இருக்கிறதா, காய்ச்சல் எத்தனை பாகை, மீன் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் குளிசை மட்டையில் கத்தரிக்கோல் வைக்க வேண்டாமென்று பாமசிக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தாளர்,
உப்புவெளி, திருகோணமலை